ரஸ்தாளிக் குருத்தைக் கையில் எடுக்கும் கயலுக்கு

என் கண்ணு கயலுக்கு,

அத்தை எழுதுகிறேன். நல்லா இருக்கிறாயா என்று கேட்க மாட்டேன். மெஸ் சாம்பாரைத் திட்டி நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். அவ்வளவு நேரம் மூச்சுவிடாமல் திட்டுகிறவளுக்குத் தெம்பில் ஒரு குறையும் இருக்காது.

உங்கப்பன் நேற்று ராத்திரி போன் பண்ணினான். "அக்கா, அவ ஏதோ விஷத்தை வாழைக்கு ஊத்தி ஆராய்ச்சி பண்றாளாம். நீ அந்த வேலையிலேயே இருந்தவ, ஒரு வார்த்தை சொல்லு" என்றான். "விஷம்தான்டா, சரியாகக் கையாண்டால் ஒன்றும் ஆகாது" என்றேன். முதல் வார்த்தையோடு அவன் காது அடைத்துக்கொண்டது. உன்னிடம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேசும்போது நீ இன்னொரு பக்கம் யாருக்கோ மெசேஜ் தட்டிக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியாதா? கடிதம் என்றால் ஒருமுறை படித்துவிட்டு நோட்டுக்குள் சொருகி வைப்பாய். வேண்டும்போது எடுத்துப் பார்ப்பாய்.

ரஸ்தாளியை எடுத்திருக்கிறாய் என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, கவலையும் வந்தது. உங்கப்பன் ஏன் ரஸ்தாளியை விட்டுப் பூவனுக்குப் போனான் என்று நீ சின்ன வயசில் கேட்டிருக்கிறாய். அவன் சரியாகப் பதில் சொல்லியிருக்க மாட்டான். வாடல் நோய்தான் காரணம். அடி இலைகள் பழுத்து, மட்டை ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டினாற்போலத் தொங்கும். தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள். ஃபியூசேரியம் என்ற அந்தப் பூஞ்சணம் மண்ணுக்குள் போய்விட்டால் பல வருஷம் அங்கேயே கிடக்கும். எந்த மருந்தை ஊற்றியும் அதை முழுதாக அழிக்க முடியாது. போன நூற்றாண்டில் மத்திய அமெரிக்காவில் குரோ மிஷெல் என்ற ஏற்றுமதி வாழையை இதே நோய்தான் தோட்டத்தைவிட்டே விரட்டியது. அதன் இடத்துக்கு வந்ததுதான் கேவண்டிஷ். இப்போது கேவண்டிஷையும் வாட்டுகிற இன்னொரு வகைப் பூஞ்சணம் உலகம் சுற்றி இந்தியாவுக்கும் வந்தாகிவிட்டது.

நெல்லில் என்றால் நோய் தாங்கும் ரகத்தோடு ஒட்டுச் சேர்த்து, விதை எடுத்து, அடுத்த தலைமுறையில் தேர்ந்தெடுக்கலாம். ரஸ்தாளியில் விதையே கிடையாது. வாழையில் ஒட்டுச் சேர்ப்பது நடக்காத காரியம் என்றும் இல்லை. ஹோண்டுராஸில் வருஷக்கணக்காகப் பூவுக்குப் பூ மகரந்தம் தடவி, குலைகுலையாகப் பழத்தை அரைத்து, அதில் சிக்கிய ஒன்றிரண்டு விதையை வைத்தே புது வாழைகளை உண்டாக்கினார்கள். ஆனால் அப்படி வந்த வாழைக்கு ரஸ்தாளியின் ருசி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ரஸ்தாளி ரஸ்தாளியாகவே இருக்க வேண்டும், நோய் மட்டும் தாங்க வேண்டும் என்றால், அதன் குருத்துக்குள்ளேயே ஒரு சின்ன மாற்றத்தைத் தேட வேண்டியிருக்கிறது. உன் கையில் சடுதிமாற்றம் உண்டாக்கும் ஈ.எம்.எஸ். மருந்து வந்தது அப்படித்தான்.

அந்த மருந்து என்ன செய்கிறது என்று உன் வழிகாட்டி கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாய். உங்கப்பனுக்குச் சொல்கிற மாதிரி ஒருமுறை சொல்லிப் பார். டி.என்.ஏ.வில் உள்ள குவானைன் மேல் அது ஓர் எத்தில் துணுக்கை ஒட்டிவிடுகிறது. சைட்டோசினோடு ஜோடி சேர வேண்டிய குவானைன், அந்த ஒட்டு விழுந்த பிறகு தைமினோடு சேர்ந்துவிடுகிறது. செல் பிரிந்து நகல் எடுக்கும்போது, ஜி–சி இருந்த இடத்தில் ஏ–டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோடிக்கணக்கான எழுத்தில் ஓர் எழுத்து மாறிவிட்டது. எந்த எழுத்து மாற வேண்டும் என்று நீயோ நானோ சொல்ல முடியாது. பெரும்பாலான மாற்றங்களால் ஒன்றும் நடக்காது. சிலது குருத்தைக் கொல்லும், சிலது குட்டையாக்கும். நல்லது செய்வது அபூர்வம்.

ரஸ்தாளியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அது மும்மடி. ஒவ்வொரு ஜீனும் மூன்று நகலாக இருக்கிறது. ஒரு நகலில் மாற்றம் வந்தாலும் மற்ற இரண்டும் பழைய வேலையைச் செய்துகொண்டிருக்கும், மாற்றம் வெளியே தெரியாது. விதை இருந்தால் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ள வைத்து மறைந்ததை வெளியே கொண்டுவரலாம். இங்கே அந்த வழியும் அடைப்பு. ஒற்றை நகல் மாறினாலும் தலைகாட்டுகிற மாற்றம்தான் உனக்குக் கிடைக்கும். உன் பக்கத்து மேசைத் தோழி நெல் மகரந்தப்பையில் வேலை செய்கிறாள் என்றாயே, அவளுக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பது உனக்கு மூன்று வருஷத்திலும் கிடைக்காமல் போகலாம். அதற்காக ராத்திரி உட்கார்ந்து அழாதே. அவளுடைய செல்லில் ஒரே ஒரு நகல்.

அந்த ஒற்றை நகல் வித்தை நம் நாட்டில் பிறந்தது தெரியுமா? 1964-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தபோது, மகரந்தத்திலிருந்தே கரு முளைத்து நாற்றாக வந்தது. அதற்கப்புறம் உலகம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டார்கள். கனடாவில் கனோலாச் செடியின் இளம் மகரந்தச் செல்களை எத்தில்நைட்ரோசோயூரியா என்ற மருந்தில் நனைத்து, களைக்கொல்லி கலந்த ஊடகத்தில் வளர்த்து, தப்பியதைப் பொறுக்கினார்கள். 1989-இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கனோலா வயலுக்கே வந்துவிட்டது. திசு வளர்ப்பும் ரசாயனமும் சேர்ந்து ஒரு பயிரை உழவர் கைக்குக் கொண்டுபோனதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே இரண்டு விஷயம் கூடிவந்தது. செல்லில் ஒற்றை நகல், அதனால் மாற்றம் உடனே தெரிந்தது. களைக்கொல்லி தாக்குவது ஒரே ஒரு நொதியை, அதனால் தட்டிலேயே வடிகட்ட முடிந்தது. உனக்கு இந்த இரண்டுமே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் பாதித் துக்கம் குறையும்.

இனி உங்கப்பன் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துறையின் மூத்தவள் ஒருத்தியை உனக்குச் சொல்ல வேண்டும். ஷார்லட் அவர்பாக். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பெர்லினில் பள்ளி ஆசிரியை. 1933-இல் ஹிட்லர் ஆட்சி வேலையைப் பறித்ததும் எடின்பரோவுக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, ராப்சன் என்ற மருந்தியல் அறிஞரோடு சேர்ந்து, மஸ்டர்ட் வாயு பழ ஈயின் மரபணுவை மாற்றுகிறதா என்று பார்த்தார். மாற்றியது. எக்ஸ் கதிர் செய்கிற வேலையை ஒரு ரசாயனமும் செய்யும் என்று உறுதியானது அப்போதுதான். போர் ரகசியம் என்பதால் முழு விவரத்தை 1946 வரை வெளியிட முடியவில்லை. அதே காலத்தில் மாஸ்கோவில் ராப்போபோர்ட் என்பவர் ஃபார்மால்டிஹைடை வைத்துத் தனியாக இதே முடிவுக்கு வந்தார். போரில் ஒரு கண்ணை இழந்தவர். பின்னால், மரபியலே பொய் என்று சொல்லச் சொன்ன ஆட்சிக்குத் தலையாட்ட மறுத்து வேலையையும் இழந்தார்.

அவர்பாக்கின் கை அந்த வாயுவில் வெந்து போனது. இனியும் தொட்டால் பெரிய ஆபத்து என்று டாக்டர் எச்சரிக்கிற அளவுக்கு. நீ ஈ.எம்.எஸ். புட்டியைத் திறக்கப் போகும் முன் அந்தக் கையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள். குருத்தின் டி.என்.ஏ.வை மாற்றுகிற மருந்துக்கு வாழை எது, கயல் எது என்று வித்தியாசம் தெரியாது. ஈ.எம்.எஸ். எளிதில் ஆவியாகும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மூக்குக்கு உறைக்காது என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

எல்லோரும் தடுக்கி விழுகிற ஒரு இடம் உண்டு. திசு வளர்ப்புக்காரர்களுக்கு லேமினார் மேசைதான் கோயில். கை தானாக அங்கே போய் உட்காரும். அது குருத்தைக் கிருமியிடமிருந்து காப்பாற்ற உண்டானது. வடிகட்டிய காற்றைப் பின்னாலிருந்து உன் முகத்தைப் பார்த்து ஊதும். அங்கே வைத்து ஈ.எம்.எஸ். புட்டியைத் திறந்தால், ஆவி நேராக உன் மூச்சுக்குள் வரும். மருந்தை அளப்பதும் கரைப்பதும் குருத்தை நனைப்பதும் கழுவுவதும் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபியூம் ஹூட்டில்தான். மூடி இறுக்கமான பிளாஸ்க், நுண்துளை வடிகட்டி பொருத்திய சிரிஞ்சு இரண்டையும் முன்கூட்டியே எடுத்து வை. ஆட்டோகிளேவில் வைத்தால் மருந்து சிதைந்து போகும், அதை வடிகட்டித்தான் கிருமி நீக்க வேண்டும். நன்றாகக் கழுவி முடித்த பிறகு குருத்து லேமினாருக்குப் போகட்டும்.

நைட்ரைல் கிளவுஸ் இரண்டடுக்காகப் போடு. மேலே ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே கழற்றிவிட்டு வேறு போடு. மருந்து உள்ளே இறங்கட்டும் என்று டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைச் சேர்க்கச் சொல்வார்கள். அது குருத்துத் தோலைத் தாண்டி மருந்தை உள்ளே கொண்டுபோவது போலவே உன் தோலையும் தாண்டிக் கொண்டுபோகும். மிச்ச மருந்து, சிரிஞ்சு, கழுவிய தண்ணீர் எல்லாம் சோடியம் தயோசல்பேட்டில் ஊறட்டும். உன் லேபில் எழுதி ஒட்டியிருக்கும் நேரத்துக்குக் குறையாமல் ஊறிய பிறகே கழிவுக் கேனுக்குப் போக வேண்டும். பக்கத்தில் யாராவது சோடியம் அசைடு பயன்படுத்துகிறார்கள் என்றால், அதை ஒருபோதும் ஸிங்கில் கொட்டவிடாதே. அமிலத்தில் அது நச்சு வாயு ஆகும், செம்பு ஈயக் குழாயில் படிந்தால் வெடிக்கிற உப்பாகும்.

அப்புறம் அந்தப் போன். அதை வெளியே டிராயரில் பூட்டிவிட்டு உள்ளே போ. கிளவுஸ் கையோடு போனைத் தொட்டு, அப்புறம் அதே போனைக் கன்னத்தில் வைத்துப் பேசுகிற பிள்ளைகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! மருந்து நாளில் தனியாக வேலை செய்யாதே, ராத்திரியில் செய்யாதே, வெறும் வயிற்றோடு செய்யாதே. நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது வெட்கப்படாமல் முதலிலேயே வழிகாட்டியிடம் சொல்லி இந்த மேசையிலிருந்து விலகிக்கொள். இதை உன் அம்மா சொல்லத் தயங்குவாள். எனக்கென்ன தயக்கம்?

இனி வேலைக்கு வருவோம். ஈ.எம்.எஸ். எண்ணெய் போலக் கனமானது. தண்ணீரில் விட்டால் அடியில் துளித்துளியாக உட்கார்ந்துகொள்ளும். துளி மறையும் வரை ஆட்டாமல் குருத்தைப் போட்டால், அடியில் கிடக்கும் குருத்து வெந்துபோகும், மேலே மிதப்பதற்கு ஒன்றும் ஆகாது. கரைத்த மருந்தை நாளைக்கு என்று எடுத்து வைக்காதே. தண்ணீரில் கரைந்ததும் அது சிதையத் தொடங்கும். 20 டிகிரி வெப்பத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய நான்கு நாள் ஆகும், 30 டிகிரியில் ஒரு நாளுக்குச் சற்று மேல்தான். சித்திரை மாதத்தில் ஏ.சி. நின்றுபோன அறையில் நனைத்ததும் மார்கழியில் நனைத்ததும் ஒரே அளவு ஆகாது. அறையின் வெப்பத்தையும் கார அமில அளவையும் ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுது.

எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம் என்று வேறு யாருடைய கட்டுரையிலிருந்தும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. கேவண்டிஷ் தாங்குவதை ரஸ்தாளி தாங்காமல் போகலாம். முதலில் கொஞ்சம் குருத்தை வைத்து, ஐந்தாறு அளவில் நனைத்து, எத்தனை பிழைக்கிறது என்று வரைந்து பார். பாதி சாகிற அளவை அடையாளம் கண்டு, அதை ஒட்டியும் கொஞ்சம் கீழேயும் வேலை செய். மருந்து கூடினால் மாற்றமும் கூடும் என்று ஆசைப்படுவார்கள். கூடத்தான் செய்யும். ஒரே குருத்தில் நல்லதோடு சேர்ந்து பத்துக் கெட்டதும் விழுந்திருக்கும். விதையில்லாத பயிரில் கெட்டதைப் பிரித்து எறிய உனக்கு வழியில்லை.

ஒப்பீட்டுக் கன்றுகளில் கஞ்சத்தனம் பண்ணாதே. மருந்து படாதது ஒரு கூட்டம், மருந்தில்லாத கரைசலில் அதே நேரம் ஆடிக் கழுவிய இன்னொரு கூட்டம். இரண்டும் கடைசிவரை உன்னோடு வரவேண்டும். திசு வளர்ப்பே சும்மா இருக்காது. மருந்தே படாமல், புட்டிக்குள் திரும்பத் திரும்பப் பெருக்கினாலே கன்றுகள் மாறும் என்று ஆஸ்திரேலியாவில் லார்கினும் ஸ்கௌகிராஃப்டும் 1981-இல் எழுதினார்கள். தைவானில் அப்படித் தானாக மாறிய கேவண்டிஷ் கன்றுகளிலிருந்தே வாடலைத் தாங்கும் வாழைகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அதனால் உன் புட்டியில் ஒரு விசித்திரக் கன்று எழுந்து நின்றால், அது மருந்தால் வந்ததா, தானாக வந்ததா என்று எவராவது கேட்பார். ஒப்பீட்டுக் கூட்டம் இல்லாதவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அடுத்தது பொறுமை. இதைச் சொல்லும்போதே நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. குருத்து நுனியில் எத்தனையோ செல்கள். மருந்து அதில் ஒரு செல்லை மாற்றியிருக்கும், பக்கத்துச் செல் பழையபடியே இருக்கும். அதிலிருந்து வளரும் கன்றைக் கைமேரா என்கிறோம். நெகமம் சேலையில் எங்கோ ஓடுகிற ஒற்றைச் சாய நூல் மாதிரி, மாற்றம் அந்தக் கன்றின் ஏதோ ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். அந்தக் கன்றைத் தோட்டத்தில் நட்டு நல்லது வந்துவிட்டது என்று குதித்தால், அடுத்த பக்கக்கன்றிலேயே மாற்றம் காணாமல் போகும். குருத்தை வெட்டி மறுபடி ஊடகத்தில் வைத்து, வந்த புதுக் குருத்தை மறுபடி வெட்டி, மூன்று நான்கு சுற்றாவது போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மாறியதும் மாறாததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். வாழைப்பூவின் இளம் ஆண் பூக்களிலிருந்து செல் மிதவை உண்டாக்கி, செல்லிலிருந்து கருவாக வளர்த்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். அதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பு வந்தால் விடாதே. ஆனால் மிதவை கைவர மாதக்கணக்கில் ஆகும், ரஸ்தாளி அதிலும் முரண்டு பிடிக்கலாம்.

இந்தச் சுற்றுகளில்தான் லேபிள் உன்னைக் காப்பாற்றும். உன் கையெழுத்து எப்படி என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் மார்க் போட்டவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டி வந்திருக்கும். நான் பார்த்த ஒரு லேபில் புட்டிகளுக்கு மையால் எழுதியிருந்தார்கள். மேசை துடைக்கும் ஸ்பிரிட் பட்டு அத்தனை எழுத்தும் கரைந்து போனது. எந்தக் குருத்து எந்த அளவில் நனைந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கன்றுகள் எல்லாம் உயிரோடு இருந்தன, ஆராய்ச்சி செத்துப் போனது. பென்சிலால் எழுது. புட்டி மூடியில் எழுதாதே, மூடி இடம் மாறும். புட்டியின் உடம்பில் ஒட்டிய லேபிளில் எழுது. எந்தத் தாய்க் குருத்து, எந்த அளவு, எந்தச் சுற்று, எந்தத் தேதி, யார் வெட்டியது. ஐந்தும் இருக்கட்டும்.

செத்ததையும் எழுது. பூஞ்சணம் பிடித்துத் தூக்கி எறிந்ததையும் எழுது. பிள்ளைகள் பிழைத்ததை மட்டும் அழகாக எழுதி வைப்பார்கள். பின்னால் கணக்குப் போடும்போது எத்தனையிலிருந்து இத்தனை வந்தது என்று தெரியாமல் விழிப்பார்கள். அசிங்கமாக, சுருண்டு, வெளிறி நிற்கிற கன்றை அவசரப்பட்டுக் குப்பையில் போடாதே. முதல் சுற்றில் மருந்தின் அதிர்ச்சியால் சுருண்டிருக்கலாம், மூன்றாம் சுற்றில் நேராகும். வாரத்தில் ஒரு நாள், வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல், எல்லாப் புட்டியையும் எடுத்துச் சும்மா பார். மருந்து அரை மணியிலோ சில மணியிலோ தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். மீதி வருஷங்கள் முழுக்கப் பார்ப்பதுதான் வேலை.

பார்க்கிற கண் என்ன செய்யும் என்பதற்கு நம் கோயம்புத்தூரிலேயே சாட்சி உண்டு. வேளாண் பல்கலைக்கழகத்தில் ராபின் என்ற நெல் விஞ்ஞானி இருந்தார். ஈ.எம்.எஸ்.ஸில் ஊறிய நாகினா 22 நெல்லிலிருந்து வந்த பெரிய கூட்டத்தின் மேல் இமாசெத்தபைர் என்ற களைக்கொல்லியை அடித்து, எது தப்புகிறது என்று தேடினார்கள். தப்பிய சடுதிமாற்ற நெல்லுக்கு இன்று அவர் பெயர்தான். அந்தக் குணத்தை டெல்லியில் பாஸ்மதிக்குள் கொண்டுபோய், பூசா பாஸ்மதி 1979, 1985 என்ற இரண்டு ரகங்களாக 2021-இல் வெளியிட்டார்கள். அது திசு வளர்ப்பு இல்லை, விதையில் செய்தது. ஆனாலும் பாடம் ஒன்றுதான். மருந்து எவருக்கும் கிடைக்கும். இத்தனை கூட்டத்தில் அந்த ஒன்றை விடாமல் பிடிக்கும் ஏற்பாடு இருந்ததால்தான் அது ரகமானது.

உன் வடிகட்டி கஷ்டமானது என்று சொன்னேன். ஊடகத்தில் பூஞ்சணத்தின் நச்சைக் கலந்து, தாங்குகிற குருத்தைப் பொறுக்கலாம், பலர் செய்கிறார்கள். அதை முதல் சல்லடையாக மட்டும் வை. புட்டியில் நச்சுக்குப் பழகிப்போன குருத்து, மண்ணுக்குப் போனதும் பழகியதை மறந்துவிடும். பூஞ்சணம் கலந்த தொட்டியில் வைத்துப் பார், கிழங்கை வெட்டி உள்ளே நிறம் பார், அப்புறம் நோய் பிடித்த வயலிலேயே நட்டுப் பார். நோய் தாங்கிய கன்று கிடைத்தால் குலை தள்ளும்வரை காத்திரு. பழத்தைத் தின்று பார். புளிப்பும் இனிப்பும் கலந்த அந்த ருசி போயிருந்தால், நோய் தாங்கி என்ன பயன்? சந்தைக்காரன் அதை ரஸ்தாளி என்று வாங்கமாட்டான்.

பக்கத்து மேசையில் கால்சிசின் புட்டி இருக்குமே, அதையும் மதித்து நட. அது எழுத்தை மாற்றுகிற மருந்து இல்லை. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நூல்களைக் கட்டவிடாமல் செய்யும். பிரிய முடியாமல் குரோமோசோம்கள் இரட்டிப்பாகிவிடும். 1937-இல் பிளேக்ஸ்லியும் ஏவரியும் அதைக் காட்டினார்கள். உன் தோழியின் ஒற்றை நகல் நெல் விதை கட்டுவது அந்த மருந்தின் தயவால்தான். மூலனூர்ப் பக்கம் வேலி வேலியாகக் கம்பி கட்டி ஏற்றியிருக்கும் கண்வலிக்கிழங்கில் இருப்பதும் அதே கால்சிசின்தான். நம் மாநிலப் பூ செங்காந்தள் என்று ஸ்கூலில் படம் வரைந்தாயே, அதே செடி. ஊரில் எல்லோருக்கும் அது விஷம் என்று தெரியும். புட்டியில் வெளிர்மஞ்சள் தூளாக இருக்கும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஊருக்கு வந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "இது ஜி.எம். தானே, பிள்ளை?" எரிச்சல்படாதே. வெளியிலிருந்து எந்த ஜீனையும் நீ நுழைக்கவில்லை என்று நிதானமாகச் சொல். நான் சொன்ன பாஸ்மதிகளும் ஜி.எம். அல்லாத ரகங்களாகத்தான் வந்தன. ஐரோப்பாவில் இதே கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போனது. பிரான்ஸ் நாட்டு உழவர் அமைப்புகள், விதையில் செய்வது சரி, கண்ணாடிப் புட்டியில் செல்லுக்குச் செய்வது வேறு என்று வாதாடின. நெடுங்காலமாகப் பாதுகாப்பாகப் பயன்பட்ட முறையைப் புட்டியில் செய்தாலும் ஜி.எம். கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதையும் சொல். கூடவே, ஜி.எம். இல்லை என்பதாலேயே ஒரு செடி நல்லது என்று ஆகிவிடாது, அதையும் சோதித்துத்தான் தருவோம் என்று சேர்த்துச் சொல். கேட்கிறவர்கள் விவசாயிகள், அரைகுறைப் பதிலை மணத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று, கண்ணு. ஐந்து வருஷம் உழைத்து, ஆயிரக்கணக்கில் குருத்து நனைத்து, ஒரு நோய் தாங்கும் ரஸ்தாளியும் கிடைக்காமல் போகலாம். சரியான அளவு எது, ரஸ்தாளி எதைத் தாங்கும், எத்தனை சுற்றில் கைமேரா பிரிகிறது என்று நேர்மையாக எழுதி வைத்தால் அதுவே முனைவர் பட்டத்துக்குத் தகுதியான வேலை. உனக்கு அடுத்து வருகிறவள் அங்கிருந்து தொடங்குவாள். ஆனால் பட்ட அவசரத்தில், பேப்பர்க்காரன் கேட்டான் என்று, தொட்டியில் பிழைத்த கன்றைப் புது ரகம் என்று சொல்லிவிடாதே. அந்த வார்த்தையை நம்பிக் கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் நடுகிறவன் ஒருவன் இருப்பான். நோய் மண்ணில் மறுதாம்பு வரைக்கும் நின்று குலை தள்ளாத எந்தக் கன்றையும் உழவன் கையில் கொடுக்காதே.

அன்புடன்,
உன் அத்தை